பின்னணியில் ஒரு குரல், தெளிவில்லை

ஆய்வேடு என்பதே புத்தகம்தான், அட்டையை மாற்றிப் பின்பக்கம் விலை போட்டால் முடிந்தது என்று நான் நம்பினேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நம்பிக்கையோடு இருந்த சில மாதங்களைப் போல நிம்மதியான காலம் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே பைண்டிங் கடையில் கறுப்பு ரெக்சின் அட்டை போட்டு, பொன்னிற எழுத்தில் என் பெயரைப் பொறித்துக் கொடுத்த கடைக்காரர், "புக்கு மாதிரியே இருக்குது சார்" என்றார். 'மாதிரியே' என்ற சொல்லை நான் கவனிக்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவன் சொற்களைக் கவனிக்க வேண்டும் என்பார்கள். அந்தப் பழக்கம் என்னிடம் எவ்வளவு இருந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

நான் மத்தூர்க்காரன். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் சர்க்கரை மாத்திரைக்குப் போய்விட்ட வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். ஓசூரில் ஆலைகள் வந்த புதிதில் சுற்றுவட்டத்திலிருந்து வேலைக்கு வந்த முதல் தலைமுறை எப்படி வந்தது, எதை விட்டுவிட்டு வந்தது என்பது ஆய்வுப் பொருள். கல்லாவி, ஊத்தங்கரை, பேரிகை, பாகலூர் பக்கங்களிலிருந்து வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்து, ஒலிப்பதிவு செய்து, அதை எழுத்தில் இறக்கி, ஆங்கிலத்தில் ஆய்வேடாக்கினேன்.

அதன் உயிர் மூன்றாம் அத்தியாயம். ஆண்கள் மட்டும் ஆலைக்கு வந்தார்கள், மனைவிமார் ஊரிலேயே தங்கி நிலத்தையும் கூலி வேலையையும் பார்த்துக்கொண்டார்கள், ஊரிலிருந்த அந்தப் பெண்களின் உழைப்பின் மேல்தான் ஓசூரின் ஆலைகள் நின்றன என்பது என் வாதம். வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியர் அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் மனதாரப் பாராட்டினார். மற்றவற்றை அவர் படித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரு தரப்பும் நாகரிகமாக நடந்துகொண்டோம்.

அந்த அத்தியாயம் ஒரு மனிதரின் வாக்கியத்தோடு தொடங்கும். பேரிகைப் பக்கத்து ஊர்க்காரர். இரும்பை உருக்கி வார்க்கும் ஃபவுண்டரி ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்று, ஜூஜுவாடியில் லைன் வீடு ஒன்றில் இருந்தார். நான் முதன்முதலில் பேட்டி எடுத்தது அவரைத்தான். "சம்சாரத்தை ஊர்லயே உட்டுட்டுதான் சார் வந்தேன். அவங்களுக்கு மாசாமாசம் அனுப்பணுமே" என்றார். எங்கள் மத்தூர் பக்கம் சம்சாரம் என்றால் மனைவி. வேறு பொருளே கிடையாது. அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். மனைவியைக் குறிக்கும்போதும் 'அவங்க' என்று மரியாதையாகச் சொல்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் மனைவியிடம் காட்டிய மதிப்பு பற்றி ஒரு முழுப் பத்தி வேறு எழுதினேன். அந்தப் பத்தி எனக்கு மிகவும் பிடித்தமான பத்தி.

ஆய்வேடு முடிவதற்குள் அவர் இறந்துபோனார். நுரையீரல். ஃபவுண்டரிக்காரர்கள் பலருக்கும் அதுதான். சாவுக்குப் போய் ஓரமாக நின்றுவிட்டு வந்தேன். நீங்கள் சொன்னது புத்தகத்தில் வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். ரெக்சின் அட்டை கைக்கு வந்த அன்று, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

பட்டம் வாங்கிய கொஞ்ச நாளில் வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தங்களுடைய ஒளிமிகுந்த ஆய்வைக் கண்டோம், ஒரு வரிகூடத் திருத்தாமல் உடனே நூலாக்கித் தருகிறோம் என்று. அதைக் கல்லூரியில் ஆசிரியர் அறையில் எழுந்து நின்று படித்தேன். பக்கத்து மேசைத் தாவரவியல்காரர் தன் கைபேசியைத் திறந்து, எழுத்து பிசகாமல் அதே அஞ்சலைக் காட்டினார். "எனக்கும் ஒளி மிகுந்துதான் இருக்குதாம் சார். நான் இன்னும் பதிவே பண்ணல." படிக்காமலே அச்சுப் போடுகிறவன் போடும் புத்தகத்தை யாரும் படிக்கவும் மாட்டார்கள் என்று அவரே சொல்லி, பெங்களூரில் ஒரு நல்ல கல்விநூல் பதிப்பகத்துக்கு எழுதச் சொன்னார். இந்தத் தாவரவியல்காரர் பாகலூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அது பின்னால் தேவைப்படும்.

பெங்களூர்ப் பதிப்பகம் ஆய்வேட்டைக் கேட்கவே இல்லை. இந்தப் புத்தகம் என்ன சொல்கிறது, இதே பொருளில் ஏற்கெனவே என்ன புத்தகங்கள் இருக்கின்றன, இதை யார் படிப்பார்கள் என்று சில பக்கங்களில் எழுதி அனுப்பச் சொன்னார்கள். யார் படிப்பார்கள் என்ற இடத்தில் 'அனைவரும்' என்று எழுதினேன். பதிப்பாசிரியர் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த அனைவரில் என் வீட்டார் யாராவது உண்டா என்று சிரிக்காமல் கேட்டார். இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அப்படியானால் வேறு யாரென்று யோசித்து எழுதுங்கள் என்றார். தொழிலாளர் வரலாறு படிக்கிறவர்கள், இடப்பெயர்ச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள், மாணவர்கள் என்று எழுதினேன். எழுதிப் பார்த்தபோது அவர்கள் ஒரு சிறிய பேருந்து கொள்ளும் அளவுக்குத்தான் இருந்தார்கள். அந்தப் பேருந்துக்காகத்தான் எழுத வேண்டும் என்றார் அம்மா.

அடுத்து அறுவை. முன்னோர் ஆய்வுகள் என்ற அத்தியாயமும் ஆய்வு முறை என்ற அத்தியாயமும் வேண்டாம் என்றார். அவை நான் படித்தவன் என்று தேர்வாளரை நம்பவைக்க எழுதியவையாம். காசு கொடுத்து வாங்குகிறவர் அதை நம்பித்தான் வாங்குகிறார் என்றார். 'மேற்கூறியவாறு' என்ற ஒரு சொல்லைத் தேடித் தேடி எடுத்ததிலேயே ஆய்வேடு கண்ணுக்குத் தெரிகிற அளவு இளைத்துவிட்டது. ஆய்வேட்டைப் புத்தகமாக்கும் எண்ணத்தில் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு சொல்லிலிருந்து தொடங்கலாம். வலி குறைவு.

பிறகு கைப்பிரதியைப் பெயர் தெரியாத இரண்டு மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. நாம் யாரென்று அவர்களுக்கும் தெரியாது என்பது ஏற்பாடு. முதலாமவர் மூன்றாம் அத்தியாயத்தைப் புகழ்ந்து, அதுவே நூலின் தூண் என்று எழுதியிருந்தார். இரண்டாமவர் பக்கம் பக்கமாகக் கேட்டிருந்தார். அதில் நடுவே ஒரு கேள்வி: 'மனைவி என்று எழுதியுள்ளீர்கள். பேசியவர் சொன்ன மூலச் சொல் எது? அவருடைய வீட்டு மொழி எது?'

எனக்கு வியர்த்தது. இந்த மனிதர் யார், எந்தக் கல்லூரி, எந்தக் கருத்தரங்கில் நான் இவருக்கு வணக்கம் வைக்காமல் போனேன் என்று பட்டியல் போட்டேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுத்துக் கையில் சுற்றினேன். அது காட்டியதை நம்பாமல் மனைவியின் கையில் சுற்றிச் சரிபார்த்தேன். அவளுக்குச் சரியாகத்தான் காட்டியது. உடனே உட்கார்ந்து பதில் அடித்தேன். மூலச் சொல் சம்சாரம், சம்சாரம் என்றால் மனைவி என்பது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், தெரியாதவர்கள் தமிழ்நாட்டுத் தொழிலாளரைப் பற்றிய கைப்பிரதியை மதிப்பிட ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஆங்கிலத்தில், வெகு நாகரிகமாக.

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "மாவ பொங்கட்டும்னு வெக்கிறோம் இல்லைங்க. இத அடங்கட்டும்னு ஒரு நாள் வெய்ங்க" என்றாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள். "உங்க புக்குல எல்லா சம்சாரமும் ஊர்லயே இருக்குது. நா மட்டும் எதுக்கு இங்க இருந்துனு உங்களுக்கு பீ.பீ. பாத்துனு இருக்கறேன்?"

மறுநாள் ஆசிரியர் அறையில், ஆதரவு திரட்டும் எண்ணத்தில், தாவரவியல்காரரிடம் சம்சாரம் என்றால் என்ன என்று கேட்டேன். அவர் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே, குடும்பம் என்றார். மனைவி இல்லையா என்றேன். "பெண்டாட்டின்னா பெள்ளாம் சார். சம்சாரம்னா அப்பா, அம்மா, தம்பி, தங்கச்சி, அவங்கள மேய்க்கிறது எல்லாம் சேத்து" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சம்சாரம் ஒருத்தர்தான். கொடுத்து வெச்சவர்" என்று சேர்த்துக்கொண்டார். கன்னடத்திலும் குடும்பம்தானாம்.

பேரிகைக்காரர் வீட்டில் தெலுங்கு. என்னோடு பேசியது ஆலையில் பழகிய தமிழ். சம்சாரம் என்ற சொல் மட்டும் வீட்டிலிருந்து வந்திருந்தால்?

அன்று மாலை வரை அந்தச் சந்தேகத்தைப் புதைக்க என்னென்ன வழி உண்டு என்று யோசித்தேன். முழுப் பூசணிக்காயை ஓர் அடிக்குறிப்பில் மறைத்துவிடலாம் என்று பட்டது. 'இச்சொல் சில வட்டாரங்களில் விரிந்த பொருளிலும் வழங்கும்' என்று எழுதியும் பார்த்தேன். எழுத்து சின்னதாக இருந்தது, பூசணி தெரிந்தது.

எப்படியும் ஜூஜுவாடிக்குப் போக வேண்டியிருந்தது. பேசியவர் உயிரோடு இல்லை, அவர் பேச்சை நீளமாக மேற்கோள் காட்ட வீட்டாரின் சம்மதம் வேண்டும் என்று பதிப்பகம் கேட்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்தேன். எல்லைக்கு வெகு முன்பே கைபேசி எனக்குக் கர்நாடகத்துக்கு நல்வரவு சொல்லிவிட்டது. லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, பேரிகைக்காரரின் மனைவி 'ஆமாம், ஊர்லதான் இருந்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அவசரத்துக்குக் கூப்பிட்டேன்.

அதே லைன் வீடு. அதே ஒற்றை அறையும் தடுப்புக்குப் பின்னால் சமையலும். முழங்கால் வலியில் அந்த அம்மா சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மகளை அத்திப்பள்ளியில் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் அங்கேயே வேலைக்குப் போகிறாள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "புக்கு வந்துச்சா சார்?" என்றார். வரப்போகிறது, ஒரு சின்னச் சந்தேகம் என்றேன். அவர் கணவர் பேசியதைக் கைபேசியில் வைத்திருப்பதாகச் சொன்னேன்.

"அவுரு கொரலா?"

ஆமாம் என்றேன். நான் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்க வந்திருந்தேன். செத்தவரின் குரலை அவர் மனைவியின் முன்னால் வைக்கப்போகிறோம் என்பது அந்த நிமிடம் வரை எனக்கு உறைக்கவே இல்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்றேன். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "போடுங்க" என்றார்.

முதலில் இருமல். பிறகு என் குரல், அசட்டுத்தனமாக, ஐயா எப்போது வந்தீர்கள் என்று கேட்டது. பிறகு அவர். சம்சாரத்தை ஊர்லயே உட்டுட்டுதான் சார் வந்தேன். அவங்களுக்கு மாசாமாசம் அனுப்பணுமே. அங்கே பாத்திரம் ஒன்று ணங்கென்று விழும். ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும். அவர் சிரிப்பார். அந்த இடத்தை எழுத்தில் இறக்கும்போது நான் அடைப்புக்குறிக்குள் 'பின்னணியில் ஒரு குரல், தெளிவில்லை' என்று எழுதியிருந்தேன். சிரிப்புக்கு 'கசந்த சிரிப்பு' என்று விளக்கமும் கொடுத்திருந்தேன்.

அந்த அம்மா கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும்.

"அது நாந்தான்" என்றார்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நேனு ராலேதா மரி, அப்டின்னேன். அப்ப நா வரலியான்னு. என்னமோ தனியா வந்து சாதிச்சவராட்டம் உங்ககிட்ட பெருமை அடிச்சுனு இருந்தாரு. அதுக்குதான் சிரிக்கிறாரு, பாருங்க."

சம்சாரத்தை விட்டுவிட்டு வந்தேன் என்கிறாரே என்றேன், கடைசி நூலைப் பிடித்துக்கொண்டு. மாமனார், மாமியார், கட்டிக் கொடுக்காத நாத்தனார்கள், மைத்துனன் எல்லாரும் ஊரில் இருந்தார்கள், அவங்களுக்குத்தான் அனுப்பினோம் என்றார். கல்யாணமான சூட்டோடு இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்களாம். அவர் ஃபவுண்டரிக்கு, இவர் எலக்ட்ரிக் சாமான் கம்பெனியில் பேக்கிங்குக்கு. வீட்டில் ஒரே சாப்பாட்டு டப்பாதான் இருந்ததாம். அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் இவர் அதைக் கழுவிச் சோறு போட்டு எடுத்துக்கொண்டு போவார். இவர் வந்ததும் அவர். இருவருமாக உட்கார்ந்து சாப்பிட்டது வார விடுமுறையில் மட்டும்.

பிறகு அவர் கேட்டார். "என்னப் பத்தி என்ன எழுதினீங்க?"

பொய் சொல்ல எனக்கு நன்றாக வரும். அன்று வரவில்லை. நீங்கள் ஊரில் தங்கி நிலத்தைப் பார்த்துக்கொண்டதாக எழுதியிருக்கிறேன் என்றேன். அவ்வளவு மரியாதையோடு எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். அதை ஒரு வேடிக்கையாகச் சொல்ல முயன்றேன், அவர் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு ஏதுங்க நெலம்?" என்றார். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்த முட்டி, நின்னு நின்னு போன முட்டி. அவுரு பேசினத போட்டுக்குங்க. ஆனா நா ஊர்ல இருந்தேன்னு இருந்தா போட வேணாம் சார். அவுரு சொன்னதும் வேணாம்."

குரலைத் தன் கைபேசிக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். நான் செருப்பு மாட்டும்போது உள்ளே மறுபடி அந்த இருமல் கேட்டது.

கல்லூரியில் தாவரவியல்காரரைப் பிடித்து உட்காரவைத்து எல்லாப் பதிவுகளையும் கேட்கவைத்தேன். கல்லாவி, ஊத்தங்கரைக்காரர்களுக்குச் சம்சாரம் மனைவிதான். அவர்கள் உண்மையிலேயே மனைவியை ஊரில் விட்டுவந்தவர்கள். பேரிகை, பாகலூர்ப் பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசிய நிலமில்லாத குடும்பங்களில் பலர் கணவனும் மனைவியுமாக வந்திருந்தார்கள். நான் 'தெளிவில்லை' என்று எழுதிய இடங்களில் பாதி அவருக்குத் தெளிவாகவே இருந்தது. "சார், இந்தம்மா உங்களுக்கு காபி வேணுமான்னு கேக்கறாங்க" என்றார் ஒரு இடத்தில். இன்னொரு இடத்தில் ஒரு பெண், சுவருக்கு அப்பாலிருந்து, தன் ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்கிறாள்.

மூன்றாம் அத்தியாயம் இரண்டாக உடைந்தது. நிலமுள்ள வீடுகளுக்கு என் வாதம் நின்றது. மற்றவர்களுக்குக் கவிழ்ந்தது. மரியாதைப் பன்மைப் பத்தியை நானே என் கையால் அழித்தேன். பெங்களூர் அம்மாவிடம் சொன்னபோது, நல்ல மாற்றம் என்றார், ஆனால் வாதமே மாறிவிட்டதால் மறுபடி மதிப்பீட்டுக்குப் போக வேண்டும் என்றார். போனது. கேள்வி கேட்ட இரண்டாமவர் சரி என்றார். புகழ்ந்த முதலாமவர், முந்தைய வடிவின் வலிமை இதில் இல்லை, தூண் போய்விட்டது என்று எழுதினார். பதிப்பகம் வருத்தத்தோடு கைவிட்டது.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. வயது போகிறது. பைண்டிங் கடைக்காரர் உட்பட எல்லாரிடமும் புத்தகம் வருகிறது என்று சொல்லியாயிற்று. ஒளிமிகுந்த அஞ்சல்காரர்களுக்குப் பழைய வடிவத்தை அனுப்பினால் ஒரு வரி திருத்தாமல் போடுவார்கள். ஆங்கிலப் புத்தகம். ஜூஜுவாடியில் யார் படிக்கப் போகிறார்கள்? முகவரியை அடித்து, பழைய கோப்பை இணைத்தும் விட்டேன். இணைத்தது சரியான கோப்புதானா என்று பார்க்கத் திறந்தேன். அடைப்புக்குறிக்குள் 'பின்னணியில் ஒரு குரல், தெளிவில்லை' என்று இருந்தது. இப்போது எனக்கு அது தெளிவாகக் கேட்டது. கேட்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அஞ்சலை அழித்துவிட்டுப் போய் ரத்த அழுத்தம் பார்த்தேன். கூடுதலாகத்தான் இருந்தது.

புத்தகம் போன ஆண்டு வந்தது. பெங்களூர்ப் பதிப்பகம் போடவில்லை, சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் ஆங்கிலத்திலேயே போட்டது. கடைசியில் வரும் பொருளகராதியை நானே தயாரித்தேன். அதில் 'மனைவி' என்ற இடத்தில் 'காண்க: தொழிலாளி' என்று இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் இப்போது அந்த அம்மாவின் வாக்கியத்தோடு தொடங்குகிறது, தெலுங்கிலேயே, கீழே பொருளோடு. கணவர் சொன்னது அதற்கு அடுத்து வருகிறது. ஒரு பிரதியை ஜூஜுவாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுல நா எங்க இருக்கறேன்?" என்று அந்த அம்மா கேட்டார். பக்கத்தைத் திறந்து விரலை வைத்து, அங்கே இருந்ததைத் தமிழில் சொன்னேன். சரி என்றார்.